படத்துக்குப் பீடம்! பெண்ணுக்கு?

டிசம்பர் மாதம் பிறந்தால் சென்னைக் கடைகளிலெல்லாம் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. மழை மூட்டத்தால் பகலிலேயே விளக்கேற்றியிருந்த ஒரு நாளில், சாந்தோமிலிருந்து லஸ் வழியாகத் தியாகராய நகர் வரையில் நாம் போய்வர நேர்ந்தது. சாந்தோம் பக்கம் சந்தடியில்லை. தியாகராய நகரிலோ மழையையும் பொருட்படுத்தாமல், கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்கின்ற வித்தியாசமின்றி ஜனங்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குப் புதுச் சட்டை வாங்குவதைக் குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏசு பிறந்த தேதி டிசம்பர் 25 என்று பைபிளில் எங்குமே இல்லை. ஆனாலும் அந்த விவகாரத்தையும் இன்று ஒருபுறம் வைப்போம். நாம் பேச வந்தது அந்தச் சட்டையை எடுத்துக் காட்டுகின்ற பெண்ணைப் பற்றியேயாகும்.

ஒரு துணிக்கடையில் அரைமணி நேரம் இருந்தோம். வாங்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. பணம் வாங்குகிறவருக்கும் நாற்காலி இருந்தது. அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த படத்தில் லட்சுமி தாமரைப் பூவின்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டுப் பொம்மைகூடப் படுத்திருந்தது. ஆனால், துணியை எடுத்து, விரித்து, மறுபடியும் மடித்து வைக்கின்ற பெண்கள் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்கள். “எப்பொழுதம்மா உட்காருவாய்?” என்று கேட்டோம். “சாப்பிடுறப்போதான் ஐயா” என்று சொல்லிவிட்டு, மேற்பார்வைக்காரர் நின்ற திசையைப் பயத்துடன் பார்த்தாள்.

லட்சுமி நின்றால் செல்வம் நிலைக்காது என்று பயந்து, உட்கார்ந்த லட்சுமியின் படமாகத் தேடி மாட்டுகின்ற முதலாளிக்கு, தன் வியாபாரத்தைத் தாங்குவது யாருடைய கால்கள் என்பது மட்டும் தெரியாதா? கிறிஸ்துமஸ் கதையோ, பிரசவ காலத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதாகும். அக்கதைக்கு உருகி மெழுகுவத்தி ஏற்றுகின்றவர்கள், எதிரே நிற்கின்ற ஏழைப் பெண்ணுக்கு ஒரு முக்காலிகூட இல்லாததைக் காண்பதில்லை. இந்தப் பக்திகளின் யோக்கியதை என்ன என்று கேட்கின்றோம்.

“நின்றால்தான் வருகிறவர்களுக்கு மரியாதை” என்று சிலர் சமாதானம் சொல்லலாம். இது மரியாதையல்ல, பழைய சாதித் திமிரேயாகும். பெரியவன் எதிரில் சின்னவன் உட்காரக்கூடாது, மேல்சாதியான் தெருவில் கீழ்சாதியான் திண்ணையில் ஏறக்கூடாது என்ற வழக்கந்தான் இப்பொழுது கடைக்குள் குடிவந்திருக்கின்றது. நாளெல்லாம் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவதும், நரம்பு சுருண்டு புடைப்பதும், இடுப்பு வலிப்பதும் வைத்தியர்கள் நன்கு அறிந்த சங்கதி.

நட்சத்திரமும், மரமும், கேக்கும் வெள்ளைக்காரனிடமிருந்து நமக்கு வந்தவை. ஆனால் அதே இங்கிலாந்தில், கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமாவது போடவேண்டும் என்று 1899லேயே சட்டம் வந்துவிட்டது. மரத்தைக் கொண்டுவந்த நாம் ஆசனத்தைக் கொண்டுவர வெகுகாலம் பிடித்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்பவரும் அவரது ‘பெண்கூட்டு’ சங்கத்துத் தோழியர்களும் போராடிய பிறகே கேரளத்தில் 2018ல் உட்காரும் உரிமை கிடைத்தது. நமது நாட்டிலும் 1947ம் வருஷத்திய கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்கின்ற பிரிவை 2021ல் சேர்த்தார்கள். கடைகளில் வேலை செய்யும் அனைவருக்கும் ஆசன வசதி இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். இங்கிலாந்துக்கு 122 வருஷம் பிந்தியாவது வந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால், சட்டம் புத்தகத்தில் உட்கார்ந்துகொண்டு பெண் கடையில் நின்றுகொண்டிருந்தால் அதில் யாருக்கு என்ன லாபம்?

தியாகராயர் பெயரால் நகரும், பனகல் அரசர் பெயரால் பூங்காவும், உஸ்மான் பெயரால் சாலையும் இருக்கின்ற இடம் இது. பார்ப்பனரல்லாதார் தலைநிமிர உழைத்த கட்சிக்காரர்களின் பெயரைத் தாங்கும் தெருக்களில், பார்ப்பனரல்லாத ஏழைப் பெண்கள் உட்கார உத்தரவுக்குக் காத்திருப்பது நமக்கு வெட்கமில்லையா?

ஆகவே தோழர்களே! பண்டிகைக்கோ வேறெதற்கோ கடைக்குப் போகின்றவர்கள், விலை கேட்பதற்கு முன்னால், “இவர்களுக்கு ஆசனம் எங்கே?” என்று முதலாளியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் முக்காலி தானாக வரும். வேலைக்காரப் பெண் உட்கார்ந்து பேசினால் அதை அவமரியாதை என்று நினைக்காதிருக்க முதலில் நாமே பழகுவோமாக.