கேமராவுக்கும் பொது மொழி வேண்டும்!

தாமிரபரணியில் வெள்ளம் என்றால் திருநெல்வேலிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்கு?" ஆற்றுக்குள் நிற்கும் அந்தக் கோயில்தான் ஊருக்கு அளவுகோல். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அதுதான் அளவுகோல். ஆனால் வாட்ஸப்பில் சுற்றும் படம் இன்றையதா, பழைய வெள்ளத்தினதா என்று யாருக்குத் தெரியும்?

கரையில் ஒரு கேமரா வைத்தால் தீர்ந்தது. ஆனால் விலை குறைந்த வைஃபை கேமராக்கள் பல, அந்தந்தக் கம்பெனியின் ஆப்பில் மட்டுமே படம் காட்டும். பக்கத்துத் தெருவில் இருப்பவர் பார்க்கவும் கம்பெனி சர்வரின் தயவு வேண்டும். நாளை அந்த சர்வரை மூடினால் கேமரா வெறும் டப்பா! காசு ஊருடையது, சாவி மட்டும் கம்பெனியிடமா?

மாற்று வழி பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலேயே இருக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

லினக்ஸில் வெப்கேமைச் செருகினால் 'வீடியோ0' என்று ஒரு கோப்பாகத் தெரியும். எப்எப்எம்பெக் அந்தப் படத்தைச் சுருக்கும். 1998-ல் வெளியான ஆர்டிஎஸ்பி நெறிமுறைப்படி ஒரு சர்வர் அதை நெட்வொர்க்கில் அனுப்பும். இதற்கு மேல் ஆன்விஃப். ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய பொதுத் தரம் இது. "இங்கே ஒரு கேமரா இருக்கிறது, படம் இந்த முகவரியில்" என்று மற்ற கருவிகளுக்குச் சொல்லும் மொழி. அந்த மொழியைப் பேசும் ஒரு மென்பொருளையும் ஓட்டினால், ஆன்விஃப் தெரிந்த ரெக்கார்டர் எந்தக் கம்பெனியுடையதானாலும் லேப்டாப்பை ஒரு கேமராவாகவே எடுத்துக்கொள்ளும். எல்லாமே இலவச மென்பொருள்.

"மழையில் லேப்டாப் தாங்குமா? கரண்ட் போனால்?" நியாயமான கேள்விதான். மேடான கட்டடத்துக்குள் வைத்து, ஜன்னல் வழியே பார்க்க விடலாம். கரண்ட் போனால் விலை உயர்ந்த கேமராவும்தான் அணையும். இரண்டுக்கும் யுபிஎஸ் வேண்டும். பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து விடுவதுதான் உண்மையான ஆபத்து. ரெக்கார்டர் மட்டும் உள்ளே பார்க்கட்டும். ஊருக்கு, நேரம் பொறித்த ஒரு படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

எல்லா இடத்திலும் லேப்டாப்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. பொதுப் பணத்தில் வாங்கும் எந்தக் கேமராவும் பொதுத் தரத்தில் பேச வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி எழுதினால் போதும். பழைய லேப்டாப்பே பேசும் மொழியைப் புதுக் கேமரா பேசாது என்றால் அதை எதற்கு வாங்குவது? ஆறு எல்லோருக்கும் பொது. அதைப் பார்க்கும் கண் மட்டும் ஏன் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக வேண்டும்?