சோபாவில் யார் உட்காரலாம்?

“சோபால ஏற விட்டீங்கன்னா நாளைக்கு உங்க தலை மேல ஏறும் சார்.”

சென்னையில் நாய் வளர்க்கிறவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்காமல் இருந்திருக்க முடியாது. எனக்கு இதை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து வீடுகளுக்கு வந்து நாய் பழக்குகிறவர். இன்னொருவர் நாய்த் தீனிக் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் என் பெரியப்பா. அவர் தன் ஆயுசில் நாய் வளர்த்ததில்லை. ஆனாலும் மூவரில் அதிக உறுதியோடு சொன்னவர் அவர்தான். நாயோடு ஒருநாள்கூட இருந்திராத ஒருவருக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரிகிற விஷயம், நாயைப் பற்றியதாக இருக்குமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு நாய் சோபாவில் ஏறுவதில்லை. தெருவிலிருந்து வந்த நாட்டு நாய், பெண், இப்போது நாலு வயசு. என் மாமியாருக்கு ஆஸ்துமா. அவர் உட்காருகிற, மதியம் கண்ணயர்கிற இடத்தில் நாய் முடி இருக்கக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்தோம். முடிந்தது விஷயம். சோபாவில் நாய் ஏறக் கூடாது என்று நினைக்க உங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். புது சோபாவாக இருக்கலாம், துணி கிழியலாம், பிடிக்காமலும் இருக்கலாம். வீடு உங்களுடையது, விதியும் உங்களுடையதே. எனக்குச் சண்டை, அந்த விதிக்கு ஊரார் சொல்லும் காரணத்தோடும் அதை அமல்படுத்தக் கையாளும் வழிகளோடும்தான்.

*

தலைமேல் ஏறும் கதைக்கு ஒரு விஞ்ஞான வம்சாவளி சொல்வார்கள். 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் ஓநாய்களின் நடத்தையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் கவனித்தவை சுவிட்சர்லாந்தின் பாசல் நகர உயிரியல் பூங்காவில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்கள். தப்பித்துப் போக வழியில்லாத இடத்தில் மிருகங்கள் அடித்துக்கொள்ளும், ஒன்று ஜெயிக்கும். ஜெயிக்கிற மிருகத்தை ‘ஆல்ஃபா’ என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து பரவியது. 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் எழுதிய ஓநாய்கள் பற்றிய நூல் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே மீச், 1986 முதல் பல கோடைக் காலங்களைக் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், காட்டு ஓநாய்களின் பக்கத்திலேயே கழித்தார். அங்கே அவர் கண்டது ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள். பட்டத்துக்கான போர் எதுவும் நடக்கவில்லை. பெற்றோர் வழிநடத்தின, குட்டிகள் வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போயின. ‘ஆல்ஃபா’ என்ற சொல் காட்டு ஓநாய்க் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று 1999இல் கட்டுரை எழுதினார். தன்னுடைய பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். தன் நூலை நிறுத்தச் சொல்லி மன்றாடிய எழுத்தாளர்! நம் சூழலில் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆக, மூலச் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் விற்பனை நிற்கவில்லை. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சீசர் மில்லன் வந்தார். ‘கூட்டத்தின் தலைவன்’ கதை வீடு வீடாகப் போனது. 2008இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்களுடைய சங்கம், ஆதிக்கக் கோட்பாட்டை வைத்து நாய்களைத் திருத்தப் போகாதீர்கள் என்று அறிக்கையே வெளியிட்டது. அறிக்கையை யார் படிப்பார்கள்? நம் ஊரில் பார்க்கப்படுவது யூட்யூப் துண்டுகள். இவ்வளவுக்கும் நாய் ஓநாயை விட்டுப் பிரிந்து குறைந்தது 15,000 வருஷங்கள் ஆகின்றன.

*

சரி, பதவி ஆசை இல்லையென்றால் நாய் ஏன் சோபாவில் ஏறுகிறது?

நீங்கள் ஏன் ஏறுகிறீர்களோ அதற்குத்தான். மெத்தென்று இருக்கிறது. கூடவே, வீட்டு மனிதர்களின் வாசனை அதில் ஊறிக் கிடக்கிறது. ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தால் தெருவும் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. வெறும் டைல்ஸ் தரையில் வெகுநேரம் படுத்தால் எலும்பு உறுத்தும். ஏசி ஓடுகிற அறையில் தரை ஜில்லென்றிருக்கும்போது நாய் சோபாவைப் பார்க்கும். மே மாதம் கரண்ட் போன மதியத்தில் அதே நாய் பாத்ரூம் வாசலில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். அரியணையில் ஆசைப்பட்ட ராஜா கோடை வந்ததும் ஏன் பாத்ரூமுக்குப் போனார் என்று ஆதிக்கக் கோட்பாட்டாளர்கள் எனக்கு விளக்கினால் தேவலை.

இந்தக் காரணங்கள் முக்கியம். காரணம் தெரிந்தால்தான் மாற்று கொடுக்க முடியும். ‘திமிர்’ என்று காரணத்தை எழுதிவிட்டால் அதற்கு ஒரே மருந்துதான் இருக்கிறது, அடி.

அந்த மருந்து எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று பார்ப்போம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். தரையில் தீனியை வைத்து, எடுக்கக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிடுவார்கள். ஆள் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நாய்கள் குறைவாகத் திருடின. ஆள் முதுகைத் திருப்பினாலோ, கண்ணை மூடினாலோ, வேறு வேலையில் மூழ்கினாலோ எடுத்துத் தின்றன. சுருட்டிய பேப்பரால் அடிவாங்கும் நாய் கற்பதும் இதைத்தான்: இவர் இருக்கும்போது சோபா ஆபத்து, இவர் ஆபீஸ் போனதும் ஆபத்தில்லை. சாயங்காலம் கதவைத் திறக்கும்போது குஷன் சூடாக இருக்கும், நாய் கீழே நிற்கும்.

உடனே வீட்டுக்காரர், “பாரு, தப்பு பண்ணிட்டு முழிக்குது” என்பார். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து அந்த ‘முழி’யைச் சோதித்தார். தாழ்ந்த தலையும் ஒதுங்கிய பார்வையும், நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எஜமானர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தன. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு வாங்கியதும் அப்படித்தான் பார்த்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிக்கிற அந்த முகத்தில் எழுதியிருப்பது, நம் குரலைக் கேட்ட பதற்றம்.

“ஆனா ரிசல்ட் வருதே சார்?” என்பார் பயிற்சியாளர். வரும். அவர் முன்னால் வரும், அந்த ஒரு மணி நேரத்துக்கு வரும். 2020இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 நாய்களை ஆராய்ந்தார்கள். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்கு, பரிசு கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட எச்சிலில் கார்டிசால் பயிற்சிக்குப் பின் அதிகமாக ஏறியிருந்தது. வகுப்பில் பதற்றக் குறிகள் கூடுதலாகத் தெரிந்தன. அப்படியே வீட்டுக்கு வரும் நாயைச் சோபாவிலிருந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அது உறுமும். உறுமியதற்கும் அடிப்பார்கள். உறுமல் என்பது நாய் தருகிற எச்சரிக்கை மணி. அடித்து அடித்து மணியைக் கழற்றிவிட்டால், அடுத்த தடவை மணி அடிக்காமல் நேராகப் பல் வரும். அதன் பிறகு அந்த நாயின் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘கடிக்குது’ என்று சொல்லி நாய்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். சோபா துணியில் ஆரம்பித்த விஷயம் நடுரோட்டில் முடிகிறது.

*

காலாவதியான இந்த அமெரிக்கச் சரக்கு நம் ஊரில் ஏன் இவ்வளவு சுலபமாக விற்கிறது? நம்மிடம் அது ஏற்கெனவே இருந்தது. ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்.’ ‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்’ என்று தொடங்கும் பழமொழியை நான் முடிக்க வேண்டியதில்லை. இவற்றில் எதுவும் நாய்க்காகச் சொல்லப்பட்டதில்லை. எல்லாம் மனிதர்களுக்காகச் சொல்லப்பட்டவை. யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் நடுவீடு வரை வரலாம், யார் முன்னால் யார் உட்காரக் கூடாது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வாக்கியங்கள்.

நமக்கு உட்காருவது என்பது இளைப்பாறுவது மட்டுமாக இருந்ததில்லை. அப்பாவின் சாய்வு நாற்காலியில் பிள்ளைகள் உட்காராத வீடுகள் உண்டு. டீக்கடை பெஞ்சு யாருக்கு, தனிக் குவளை யாருக்கு என்று ஊர்கள் பிரித்து வைத்திருந்தன. இன்றும் பல அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, சோபா காலியாகக் கிடக்க, தரையில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார். “உட்காருங்கம்மா” என்று சொல்லிப் பாருங்கள். அவர் தயங்குகிற தயக்கத்தில் எத்தனை வருஷப் பழக்குதல் இருக்கிறது என்று தெரியும்.

மனிதரையும் நாயையும் நான் ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்து வைத்தது நம் பழமொழிகள். நான் சொல்வது, இருக்கையை அதிகாரமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாய் குஷனில் சுருண்டு படுத்திருப்பதுகூடக் கலகமாகத் தெரிகிறது என்பதை. என் பெரியப்பாவின் உறுதி வந்த இடமும் அதுதான். நாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இடம் கொடுப்பதைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும்.

“எங்க தாத்தா காலத்துல நாய் எங்க சோபால ஏறுச்சு?” என்றும் கேட்பார்கள். தாத்தா வீட்டில் சோபாவே இல்லை சார். நாய் வாசலில் கிடந்தது, தெரு முழுக்க அதனுடையது. எங்கே வெயில், எங்கே நிழல், எங்கே மண் குளிர்ச்சி என்று அதுவே பார்த்துப் படுத்தது. அதைக் கொண்டுவந்து 900 சதுர அடிக்குள் பூட்டியது நாம்.

*

அப்புறம் எப்படித்தான் பழக்குவது? என் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. மென்பொருள் தாறுமாறாக நடந்தால் முதலில் அதைத் திட்டுவதில்லை. என்ன செய்யச் சொல்லி எழுதி வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் சோபா விதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: அப்பா இருந்தால் ஏறக் கூடாது. பாப்பா கூப்பிட்டால் ஏறலாம். மழை நாளில் ஏறலாம். விருந்தாளி வந்தால் ஏறினால் உதை. இதை நாய் எப்படிப் படிக்கும்? பத்து தடவையில் ஒரு தடவை பலித்தாலும் போதும், அந்தப் பழக்கம் லேசில் விடாது. எப்போதாவது பரிசு கிடைக்கிற பழக்கம்தான் அதிக நாள் நீடிக்கும் என்பது நடத்தை உளவியலின் பால பாடம். லாட்டரிச் சீட்டு விற்றதும் அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

ஆகவே முதல் பயிற்சி மனிதர்களுக்கு. வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே விதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். பாட்டி உட்பட.

இரண்டாவது, சோபாவை விட நல்ல இடம் ஒன்று. பால்கனி மூலையில் போட்ட சாக்குத் துணி அதற்கு உதவாது. குடும்பம் உட்காருகிற அதே அறையில், சோபாவுக்குப் பக்கத்திலேயே கனமான மெத்தை வேண்டும். அதில் நம் பழைய சட்டையோ போர்வையோ கிடக்கட்டும். நாய் தானாக அங்கே போய்ப் படுக்கும்போதெல்லாம், கேட்காமலே ஒரு சின்னத் துண்டு தீனி. சும்மா கிடக்கிற நாயைக் கண்டுகொள்ளாமல், சோபாவில் ஏறியதும் மட்டும் கவனிப்பது நம் எல்லோருடைய வழக்கம். பரிசை எங்கே கொடுக்கிறோமோ நாய் அங்கே இருக்கும்.

மூன்றாவது, ‘இறங்கு’ என்ற சொல். ஏறிய நாயை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். ஒரு துண்டுத் தீனியைத் தரையில் போட்டு, அது குதித்து இறங்கும்போது ‘இறங்கு’ என்று சொல்லுங்கள். சில நாளில் தீனியைக் காட்டாமல் வெறும் சொல்லுக்கே இறங்கும், இறங்கிய பிறகு கொடுக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் அறைக் கதவைச் சாத்துங்கள், முடியாவிட்டால் சோபாவின் மேல் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். நாம் இல்லாதபோது பழகிக்கொள்ள வாய்ப்பில்லாத பழக்கம் வேர் பிடிக்காது.

இதுவரை ஏறவிட்டு இப்போது நிறுத்துகிறீர்கள் என்றால், முதல் சில நாள் நாய் முன்னைவிட அதிகமாக முயலும். லிஃப்ட் வராவிட்டால் நாமும் பொத்தானைப் பத்து தடவை அமுக்குவோமே, அதுபோல. அந்தச் சமயத்தில் “சரி, இன்னிக்கு மட்டும்” என்று விட்டுக்கொடுத்தால், பத்து தடவை அமுக்கினால் லிஃப்ட் வரும் என்று கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். நெருங்கினாலே சோபாவிலிருந்து உறுமுகிற நாயாக இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு வலியுள்ள நாயைத் தொட்டால் உறுமத்தான் செய்யும்.

இதில் வீரம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. மார்பை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, நாயை மல்லாக்கப் போட்டு அமுக்குவதில் இருக்கிற காட்சி இன்பம், தரையில் பிஸ்கட் துண்டு போடுவதில் கிடைக்காது. அதனால்தான் முதலாவது வீடியோவாகப் பரவுகிறது, இரண்டாவதற்குச் சந்தை இல்லை.

சந்தையை நாம் மாற்றலாம். அடுத்த தடவை பயிற்சியாளரிடம் பணம் கொடுப்பதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் என்ன நடக்கும்? பயிற்சி முழுவதையும் நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா? “அதெல்லாம் நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படும் சார்” என்று பதில் வந்தால், நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.