கல்லையும் சோதிக்கட்டும்

நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் நெடுஞ்சாலை அமைக்கப்படுகிறது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் தவறாமல் எழுகிறது. தாருக்கு அடியில் கொட்டப்படும் ஜல்லியின் விறைப்புத்தன்மை சோதிக்கப்பட்டதா என்று கேட்பார் இல்லை.

கொல்கத்தா, கங்கை கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணின் மீது நிற்கும் நகரம். அங்கே கல் கிடையாது. ஜார்க்கண்டின் பாகுர், வங்கத்தின் பீர்பூம் குவாரிகளிலிருந்து ஜல்லி வருகிறது. செங்கல் ஜல்லியும் அடித்தளத்துக்குப் பயன்படுகிறது. ஒவ்வொன்றின் தன்மையும் வேறு. ஆனால், ஐ.ஆர்.சி. எனப்படும் இந்திய சாலைக் காங்கிரஸ் 2018-ல் திருத்திய வழிகாட்டி நெறியின் சூத்திரம், ஜல்லி அடுக்கின் தடிமனையும் கீழேயுள்ள மண்ணின் வலிமையையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. அது எந்த ஊர்க் கல் என்பதற்கு அதில் இடமில்லை.

அதே ஆண்டு ஜூலையில், நான்கு டயர்கள் கொண்ட லாரி அச்சின் அனுமதிக்கப்பட்ட பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக மத்திய அரசு உயர்த்தியது. பாரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பச் சேதம் கூடும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் விதி. அதன்படி, முழுப் பாரத்துடன் செல்லும் அச்சு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் சேதம் விளைவிக்கும்.

ஜல்லி மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி, சக்கரம் ஏறி இறங்குவதுபோலத் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி, அது மீண்டெழும் அளவைக் கணிக்கும் மூவச்சுச் சோதனை புதியதன்று. சாலை வடிவமைப்புக்கான மென்பொருளை உருவாக்கிய காரக்பூர் ஐ.ஐ.டி. அதே மாநிலத்தில்தான் உள்ளது. பெரிய திட்டங்களிலாவது இச்சோதனையைக் கட்டாயமாக்கி, முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மழைக்காலம்தோறும் பள்ளத்தில் புதைவது ஜல்லி மட்டுமல்ல, மக்களின் வரிப்பணமும்தான்.