சர்வர் அறை ஏசியை இரவில் அணைக்கக் கூடாது: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், கணினிப் பராமரிப்புப் பணியாளர் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
பொருள்: அரசு அலுவலக சர்வர் அறைகளில் வெப்பநிலை, ஈரப்பத வரம்பைக் கடைப்பிடிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடலோர வட்டங்களில் உள்ள அலுவலகங்களின் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் நாங்கள். மாலையில் அலுவலகம் முடிந்ததும் லைட், ஃபேனோடு சேர்த்து சர்வர் அறை ஏசியையும் அணைத்துவிடுகிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான். ஆனால் சர்வர் இரவெல்லாம் ஓடுகிறது. கடந்த மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது, சர்வர்களை அடுக்கிய ரேக்கின் முன்புறம் வெப்பமானி 43 டிகிரி காட்டியது. உள்ளே விசிறிகள் அலறிக்கொண்டிருந்தன. இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் போய்விட்டன. உதவித்தொகை மனு என்னவாயிற்று என்று கேட்டு வந்த முதியவர்களை மதியம்வரை வராந்தாவில் உட்காரவைத்தோம்.

சர்வர்களுக்கு அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே 2008-இல் வகுத்த பரிந்துரை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குள். இதை அளக்க வேண்டிய இடம், சர்வருக்குள் காற்று நுழையும் முன்புறம். ஏசி ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. அறையை 18-இல் உறையவைக்கவும் தேவையில்லை. 24, 25 டிகிரியே போதும், மின்கட்டணமும் குறையும்.

எங்களுக்குப் பெரிய கவலை ஈரம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் சர்க்யூட் போர்டின் உலோகம் அரிக்கும். ரேக் திருகில் விரலை வைத்தால் பழுப்புத் துரு ஒட்டுகிறது. ஓர் அலுவலகத்தில் ரேக்குக்கு நேர் மேலேயே ஏசியை மாட்டியிருக்கிறார்கள். சொட்டும் தண்ணீரை வாளி கட்டிப் பிடிக்கிறோம்.

கரன்ட் போனாலும் ஆபத்துதான். யுபிஎஸ் சர்வரைத் தாங்குகிறது, ஏசியைத் தாங்குவதில்லை. வெப்பம் கூடினால் யுபிஎஸ் பேட்டரியின் ஆயுளும் குறைகிறது. 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது, கைஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரு தரவு மையங்களும் குளிரூட்டல் செயலிழந்து முடங்கின. டாக்டர்கள் காகிதத்தில் குறிப்பெழுத நேர்ந்தது.

ஆகவே சர்வர் அறைதோறும் முறைவைத்து ஓடும் இரண்டு ஏசிகள், அவற்றுக்கு ஜெனரேட்டர் இணைப்பு, ரேக்கின் முன்புறம் வெப்பமானி, ஈரமானி, வரம்பு மீறினால் பொறுப்பாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டுகிறோம். ரேக்குக்கு மேலுள்ள ஏசியை உடனே இடம் மாற்ற வேண்டும். இவற்றுக்கு நாளாகலாம். சர்வர் அறை ஏசியை அணைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கைக்குச் செலவே இல்லை. அதை மட்டுமாவது இந்த வாரமே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்