அந்த ‘அஞ்சு நிமிஷம்’ பொய் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்தி போடும் நேரம். இலை போட வேண்டிய தம்பி ஒருவன் தூணோரம் உட்கார்ந்து போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். “மூடி வைடா!” என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். “ஐயா, இன்னும் அஞ்சே நிமிஷம்” என்றான். போனைப் பிடுங்கிவிட்டார்கள். பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். இந்த வாரம் தொண்டுக்கும் வரவில்லை.

பந்தி நேரத்தில் கேம் விளையாடியது தப்புதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘அஞ்சு நிமிஷம்’ சாக்கு இல்லை. தொண்டர் குழுவில் நாங்களும் பாதிப் பேர் கேம் விளையாடுகிறவர்கள்தான். அதனால் சொல்கிறோம்.

நம்ம பிள்ளைகள் அதிகம் விளையாடுவது மொபைல் லெஜண்ட்ஸ் மாதிரி கேம். 2016-இல் வந்தது. 2019 நவம்பரில் அதன் முதல் உலகப் போட்டி நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே ஆண்டு பிலிப்பீன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். ஒரு ஆட்டம் சுமார் கால் மணி நேரம் ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒருத்தன் பாதியில் எழுந்து போனால் மிச்சம் நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள். போனவனுக்கு நன்னடத்தைப் புள்ளி குறையும். ரொம்பக் குறைந்தால் ரேங்க் ஆட்டத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

இந்த அமைப்பில் நல்லதும் இருக்கிறது. ஒருத்தன் முன்னால் நின்று அடி வாங்குவான், ஒருத்தன் மற்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பான். தனியாக ஹீரோ வேலை காட்டினால் தோல்விதான். நம்ம மடப்பள்ளியில் வெங்காயம் உரிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவர் இல்லாமல் சாம்பார் இல்லை. அந்தப் பாடம் இந்தக் கேமிலும் உண்டு. ‘கூட இருக்கிறவனை விட்டுட்டுப் போகாதே’ என்கிற விதியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது: ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்திருக்க விடாமல் செய்து வைத்திருப்பது.

எங்களில் மூத்தவர்கள் படிவம் மூன்று படித்த காலத்தில் தெலுக் இந்தான் டவுனில் ‘சிசி’யில் விளையாடியவர்கள். அப்போது டோட்டா என்ற ஆட்டம். 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமுக்குள் ரசிகர்களே சும்மா செய்து போட்டது. அதுவும் அஞ்சுக்கு அஞ்சுதான். இன்றைய கேம்களுக்கு அதுதான் தாத்தா. ஆனால் கையில் இருந்த இரண்டு வெள்ளி தீர்ந்ததும் திரை அணைந்துவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்த கோபுரத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுவோம். ‘போதும்’ என்று சொல்ல அப்போது ஒன்று இருந்தது.

இன்றைக்குத் தோற்றால் ஒரு நட்சத்திரம் போகும். அதை மீட்க இன்னொரு ஆட்டம். ஜெயித்தால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும், அதற்கும் இன்னொரு ஆட்டம். சில மாதத்தில் சீசன் முடிந்து, கஷ்டப்பட்டு ஏறிய ரேங்க் சில படி இறங்கிவிடும். மறுபடி ஏறணும். தினமும் எட்டிப் பார்த்தால்தான் பரிசு. இதெல்லாம் தானாக நடப்பது இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

காசும் அப்படித்தான். வெள்ளியை முதலில் ‘டைமண்ட்’ ஆக மாற்றச் சொல்வார்கள். பிறகு எத்தனை வெள்ளி போகிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. சில உடைகள் நேராகக் கிடைக்காது, குலுக்கிப் பார்க்கணும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வேறொரு கேமில், அம்மாவின் இ-வாலட்டில் இருந்த மளிகைக் காசு ஒரே ராத்திரியில் போய்விட்டது. பையன் திருடன் இல்லை. ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று போனதுதான்.

இது வீட்டோடு முடிகிற பிரச்சினை இல்லை. பெல்ஜியம் 2018-லேயே காசு கட்டிக் குலுக்கும் பெட்டிகள் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2021-இல் சீனா, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் இரவு 8 முதல் 9 வரைதான் என்று கட்டிப்போட்டது. 2022-இல் அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் நிறுவனம், தெரியாமல் வாங்க வைத்ததற்காக 245 மில்லியன் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆட்களையே வடிவமைப்பு ஏமாற்றும் என்றால், 13 வயசுப் பையனை மட்டும் திட்டி என்ன பலன்?

எங்கள் கருத்து இதுதான். கூட்டாளியை விட்டுப் போகாதே என்கிற விதி இருக்கட்டும். மூன்று ஆட்டம் ஆனதும் ‘போதும் தம்பி’ என்று சொல்லவும் கேமுக்குத் தெரியணும். விலையை வெள்ளியில் காட்டணும். பிள்ளைகளுக்குக் குலுக்கல் வேண்டவே வேண்டாம்.

அது வருகிற வரைக்கும் நாம் செய்ய முடிந்தது உண்டு. பெற்றோரே, “இப்பவே மூடு” என்பதற்குப் பதில், “இந்த ஆட்டம் முடிந்ததும் எழுந்து வா, அடுத்தது தொடங்காதே” என்று சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். அதற்கு மேலும் விளையாடினால் கண்டியுங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம். தம்பி தங்கைகளே, தொண்டுக்கு அரை மணி நேரம் முன்னால் புது ஆட்டம் தொடங்காதீர்கள். பந்தியில் இருக்கிறவர்களும் உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பியின் வீட்டுக்கு நாங்கள் புதன்கிழமை போகிறோம். சத்தம் போட்ட ஐயாவும் வருகிறேன் என்றிருக்கிறார். சித்ரா பௌர்ணமிக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. அவன் இல்லாமல் இலை போட ஆள் பத்தாது.

சொன்னதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகா சரணம்.

— கோயில் இளைஞர் தொண்டர்கள், தெலுக் இந்தான்