பெங்களூருவுக்குள் இருந்த இன்னொரு ஊர்: கண்டோன்மென்ட் எப்படித் தனி ஆட்சியாக இருந்தது, இப்போது அதை ஏன் பேசணும்?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகிப்போன ஒன்று. கண்டோன்மென்டில் இறங்கணுமா, சிட்டியில் இறங்கணுமா? இரண்டுக்கும் நடுவே சில நிமிடப் பயணம்தான். ஒரே ஊருக்குள் இவ்வளவு பக்கத்தில் எதற்கு இரண்டு பெரிய ஸ்டேஷன்?

பதில் சுலபம். ஒரு காலத்தில் இது ஒரே ஊர் இல்லை. ஒரு பக்கம் மைசூர் மகாராஜா ஆட்சியில் இருந்த 'பேட்டை', இன்னொரு பக்கம் பிரிட்டிஷார் கையில் இருந்த கண்டோன்மென்ட். நகராட்சி, போலீஸ், ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாமே இரண்டிரண்டு. பெங்களூரு நிர்வாகம் மறுபடியும் பிரிக்கப்பட்டிருக்கும் இந்த நேரத்தில், அந்தப் பழைய கோடு எங்கே ஓடியது, அது என்ன விட்டுப்போனது என்று பார்ப்போம்.

இப்போது என்ன நடந்திருக்கிறது?

2007-ல் உருவான பெங்களூரு பெருநகர மாநகராட்சி, அதாவது பிபிஎம்பி, இப்போது இல்லை. 'கிரேட்டர் பெங்களூரு' நிர்வாகச் சட்டம் 2025 மே 15 முதல் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் உருவாகின. இவற்றுக்கு மேலே முதலமைச்சர் தலைமையில் ஒரு ஆணையம்.

அதே செப்டம்பரில் இன்னொரு விவகாரமும் கிளம்பியது. சிவாஜிநகர் மெட்ரோ நிலையத்துக்கு புனித மேரி பெயரை வைக்கப் பரிந்துரைப்பதாக முதல்வர் சித்தராமையா சொன்னார். மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ் அதைக் கண்டித்தார். ஒரு ஸ்டேஷன் பெயருக்கு ஏன் இவ்வளவு சூடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்த இடத்தின் கதை தெரிந்தால் புரியும்.

கண்டோன்மென்ட் எப்படி வந்தது?

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்தது. காய்ச்சலால் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்ததால், 1809-ல் படையை பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூர் ஏரியை ஒட்டி முகாம் அமைந்தது. 1862-ல் பேட்டைக்கும் கண்டோன்மென்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் வந்தன. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் பாதை கண்டோன்மென்டில்தான் முடிந்தது. சிட்டி ஸ்டேஷன் அதற்குப் பிறகு வந்தது.

கோடு அழுத்தமாக விழுந்தது 1881-ல். அதுவரை ஐம்பது வருஷமாக மைசூர் முழுக்க பிரிட்டிஷ் கமிஷனர்கள் ஆட்சிதான். அந்த ஆண்டு மார்ச்சில் மைசூரை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தவர்கள், கண்டோன்மென்டை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று பெயர். பரப்பு சுமார் 13 சதுர மைல். அதன் உச்ச அதிகாரி பிரிட்டிஷ் ரெசிடென்ட். இன்று ஆளுநர் இருக்கும் ராஜ்பவன்தான் அவர் வாழ்ந்த மாளிகை.

அப்படின்னா இது வாடிகன் மாதிரியா?

பாதி மாதிரி. ரோம் நகருக்குள் இருக்கும் வாடிகன் 1929 லாட்டரன் ஒப்பந்தத்தால் உருவான தனி நாடு. வெறும் 0.44 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேயே சொந்த ரயில் நிலையம், தபால் அலுவலகம், மருந்துக்கடை எல்லாம் உண்டு.

கண்டோன்மென்ட் தனி நாடு இல்லை. நிலம் சட்டப்படி மகாராஜாவுடையது, நிர்வாகம் மட்டும் பிரிட்டிஷாருடையது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் பெரியது. கப்பன் பூங்காவைத் தாண்டினால் போலீஸ் மாறும், நகராட்சி மாறும், மேல்முறையீட்டு நீதிமன்றம் மாறும். உயர் நீதிமன்ற அதிகாரம்கூட ரெசிடென்டிடமே இருந்தது.

உள்ளே யார் இருந்தார்கள்?

வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள்தான் படங்களில் வரும். ஆனால் அந்த ஊரை ஓட்டியவர்கள் வேறு. சிப்பாய்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளிகள், தையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், காய்கறி வியாபாரிகள். இவர்களில் பெரும்பகுதி மதராஸ் மாகாணத்திலிருந்து படையோடு வந்த தமிழர்கள். உருது பேசும் முஸ்லிம்களும் தெலுங்கர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கூடவே இருந்தார்கள்.

1881 கணக்கெடுப்பில் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. அதில் பாதிக்கு மேல் கண்டோன்மென்டில். அதாவது, 'பக்கத்து முகாம்' அசல் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் சரளமாகக் கேட்பதன் வேர் இதுதான். ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய கதை இது.

அதிகம் பேசப்படாத கட்டடங்கள்

புனித மேரி பசிலிக்கா, சிவாஜிநகர்: இந்தப் பகுதியின் பழைய பெயர் பிளாக்பள்ளி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே குடியேறினார்கள். கூரை வேய்ந்த சிறு ஆலயமாகத் தொடங்கியது, 1882-ல் இன்றைய கோதிக் கட்டடமாக எழுந்தது. 1974-ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. செப்டம்பர் 8 தேர்த்திருவிழாவுக்குக் காவி உடுத்தி வரும் பக்தர்களில் எல்லா மதத்தவரும் உண்டு.

பவுரிங் மருத்துவமனை: 1868-ல் கண்டோன்மென்ட் மக்களுக்காக வந்தது. பேட்டைப் பக்கம் விக்டோரியா மருத்துவமனை திறக்க 1900 ஆனது. இன்றும் ஊரின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இவை இரண்டும் இருப்பதற்கு அந்தப் பழைய எல்லைதான் காரணம்.

ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளி: ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் சிவப்புக் கட்டடமான 'அட்டாரா கச்சேரி'யைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவரும் இவரே. அந்தக் கட்டடத்தின் முன்னால் செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ரஸ்ஸல் மார்க்கெட்: 1927-ல் கட்டப்பட்டு 1933-ல் திறக்கப்பட்டது. நகராட்சி ஆணையராக இருந்தவரின் பெயர். 2012-ல் தீ விபத்தில் பெரும் சேதம் ஆனது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை.

மதராஸ் சாப்பர்ஸ் வளாகம்: ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு 1834-லிருந்து அல்சூர் ஏரிப் பக்கம்தான் இருக்கிறது. தமிழ் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேரும் படைப்பிரிவு. ஊருக்கு நடுவே வேலி போட்ட தனி உலகம் என்று இன்றும் சொல்லத்தக்க இடம் இதுதான்.

எல்லை எப்போது போனது?

சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1947 ஜூலையில், கண்டோன்மென்ட் மைசூரிடம் திரும்ப வந்தது. 1949-ல் இரண்டு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆனது. சவுத் பரேட் மகாத்மா காந்தி சாலையானது. கேவல்ரி ரோடு காமராஜ் சாலையானது. 1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க உருவான பிரேசர் டவுன் பின்னாளில் புலிகேசி நகரானது.

ஆனால் மனசில் இருந்த கோடு லேசில் போகவில்லை. தங்கள் தலைநகரின் பாதியில் ஆங்கிலமும் தமிழுமே கேட்கிறது என்ற வருத்தம் கன்னடர்களுக்கு இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் 'வெளியூர்க்காரர்' என்ற சொல் தமிழர்களைத் துரத்தியது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் துணி போர்த்தியே நின்றது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டபோது, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டு வருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதை.

இன்றைய பிரிவினைக்கு இதில் என்ன பாடம்?

ஒன்று, புதிய கோடுகள் பழைய கோட்டைப் பின்பற்றவில்லை. கண்டோன்மென்டின் சிவாஜிநகரும் பேட்டையின் சிக்பேட்டையும் இப்போது ஒரே மத்திய மாநகராட்சியில். அதே கண்டோன்மென்டின் புலிகேசி நகர் வடக்கு மாநகராட்சியில். மொழி அடிப்படையில் ஊரைப் பிரிக்கிறார்கள் என்ற பயத்துக்கு இதில் இடம் இல்லை. ஆனால் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு பல கைகளுக்குப் போகும். அதைக் கவனிக்கணும்.

இரண்டு, ஊரைப் பிரிக்கலாம், தண்ணீரைப் பிரிக்க முடியாது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து வந்த குழாய்த் தண்ணீர் மகாராஜாவின் பேட்டைக்கும் ரெசிடென்டின் கண்டோன்மென்டுக்கும் சேர்த்துத்தான் வந்தது. இன்றும் குடிநீர் வாரியம் ஒன்றுதான், மாநகராட்சிகள் ஐந்து. தெருவைத் தோண்டுவது ஒருவர், மூடுவது இன்னொருவர் என்ற பிரச்சினையைப் புதிய ஆணையம் தீர்க்கிறதா என்பதே உண்மையான சோதனை.

மூன்று, அதிகாரம் யாரிடம்? கண்டோன்மென்டில் கடைசி வார்த்தை ரெசிடென்டுடையது. குடிமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல அவர். பிபிஎம்பி கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025-ல் ஐந்து மாநகராட்சிகள் பிறந்தபோது, வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஐந்து வருஷம் ஓடியிருந்தது. எத்தனை மாநகராட்சி என்பதைவிட, குப்பை அள்ளவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதுதான் அல்சூர் சந்தில் இருப்பவருக்கு முக்கியம்.

அடுத்த தடவை ரயிலில் வரும்போது நேரமிருந்தால் கண்டோன்மென்டிலேயே இறங்கி, சிவாஜிநகர் வரை நடந்து பாருங்க. பசிலிக்கா மணியும் மசூதி பாங்கும் ரஸ்ஸல் மார்க்கெட் கூவலும் ஒரே இடத்தில் கேட்கும். அந்தத் தெருக்களுக்கு ஓட்டுப் போட்டு வந்த ஒரு கவுன்சிலர் தேவை.