வீட்டை ஒட்டி நிற்கும் மரம்... வெட்டுவதா, விடுவதா?

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. பின்பக்கச் சுவரிலிருந்து நாலே அடி தள்ளி ஒரு வேப்பமரம். அதை யாரும் நடவில்லை. எப்போதோ ஒரு காக்கா பழத்தைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை. முளைத்தபோது, 'கொல்லையில வேம்பு இருந்தா நல்லதுதானே' என்று விட்டுவிட்டார்கள். 25 வருடங்களில் அது மொட்டை மாடியைத் தாண்டி வளர்ந்துவிட்டது. போன மாதம், படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. அந்த அறையில்தான் பேத்தி படுக்கிறாள்.

"மழைக்கு முன்னாடி வெட்டிடலாம்மா. ஆள்கூட பேசிட்டேன்" என்றார் மகன்.

"வெட்டணும்னா வெட்டுப்பா. ஆனா, விரிசல் மரத்தாலதான் வந்துச்சுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் பாட்டி.

"அத்தை கேக்கறதும் சரிதாங்க. ஆனா, ராத்திரி காத்து அடிச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை" என்றார் மருமகள்.

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மருமகளின் பயம் புரியும். மே மாத மதியத்தில் மரத்தடியில் நின்றவர்களுக்கு பாட்டியின் தயக்கம் புரியும். ஆனால், இந்தப் பஞ்சாயத்தை பயமும் பாசமும் தீர்க்க முடியாது. மரத்தையும் சுவரையும் உற்றுப் பார்த்தால்தான் தீரும்.

விரிசலுக்கு யார் காரணம்?

சுவரில் விரிசல் என்றதும் மரத்தின் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. ஆனால், வேர் நல்ல கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. ஏற்கெனவே இருக்கும் இடுக்கில் நுழைந்து, பருத்து, அதை அகலமாக்கும். கழிவுநீர்க் குழாயிலும் இதே கதைதான். இணைப்பில் கசிவு இருந்தால் ஈரத்தைத் தேடி வேர் உள்ளே போகும். கசிவு இல்லாத குழாயை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

மண்ணையும் பார்க்க வேண்டும். களிமண்ணும் கரிசல் மண்ணும் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் மரம் நீரை உறிஞ்சும்போது அந்தச் சுருக்கம் இன்னும் அதிகமாகி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கலாம். மணல் பூமியில் இந்தத் தொல்லை குறைவு.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், தளமும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் விரிசல், பூச்சில் மட்டும் வலைபோலப் பரவும் விரிசல் ஆகியவற்றுக்கு வெயில், கட்டுமானக் குறை, பூச்சுக் கோளாறு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். மரத்தை வெட்டினாலும் அவை மறையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கட்டடப் பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்துவைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். விரிசலுக்குள் விரல் நுழைகிறது, கதவு ஜன்னல் இறுக்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மரம் விழுமா?

இது தனிக் கேள்வி. சுவருக்குத் தீங்கு செய்யாத மரமும் புயலில் விழலாம். இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

* பல வருடங்களாகச் சாய்ந்தே நிற்கும் மரத்தைவிட, சமீபத்தில் சாயத் தொடங்கிய மரம் ஆபத்து.
* சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழும்பியிருந்தால், அல்லது வெடித்திருந்தால் வேர் பிடி விடுகிறது.
* அடிமரத்தில் காளான், பெரிய பொந்து, தட்டினால் வெற்றுச் சத்தம். உள்ளே உளுத்துப்போயிருக்கலாம்.
* கூரைக்கு மேல் காய்ந்த கிளைகள், கவட்டையில் பிளவு.

அறிகுறி எதுவும் இல்லையென்றால், மரத்தின் காலடியில் நாம் என்ன செய்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். சம்ப் கட்ட ஒரு பக்கம் வெட்டி, குழாய் பதிக்க இன்னொரு பக்கம் வெட்டி, மிச்சத்தைச் சுற்றி சிமென்ட் பூசிவிட்டால், மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 'வீட்டுக்கு ஆபத்து' என்று நாம் சொல்லும் மரங்களில் சிலவற்றை ஆபத்தாக்கியதே நாம்தான்.

நடுவில் ஒரு வழி

வெட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவில் செய்ய நிறைய இருக்கிறது. கூரைக்கு மேல் நீளும் கிளைகளை மட்டும் எடுக்கலாம். அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமென்ட்டை உடைத்து, தண்ணீர் இறங்க வழிவிடலாம். கசியும் குழாயை மாற்றலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 'மேலே மொத்தமா மொட்டை அடிச்சிடுங்க' என்று சொல்லாதீர்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகளுக்கு அடியில் பிடிப்பு இருக்காது. சில வருடங்களில் அவைதான் முதலில் முறியும். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் கிளைகளைக் கழிக்காமல் இருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் இந்த வேலையை ஆவணிக்குள் முடித்துவிடலாம். கயிறு கட்டிக் கிளையை இறக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987.

வெட்டத்தான் வேண்டும் என்றால்...

வேர் பிடிவிட்ட மரம், அடி உளுத்த மரம் என்றால் தயங்க வேண்டாம். உயிரைவிட நிழல் பெரிதல்ல. சுவர் இடுக்கில் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுக்கும் இரக்கம் கூடாது. சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும்.

களிமண் பூமியில் பெரிய மரத்தை எடுப்பதற்கு முன் பொறியாளரிடம் கேளுங்கள். மரம் குடித்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, புது விரிசல் வரலாம்.

சட்டத்தையும் பாருங்கள். தெருவோர மரம் உங்களுடையது அல்ல. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். சொந்த மனையாக இருந்தாலும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சந்தன மரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் வீட்டின் மேல் விழும்போல இருந்தால், முதலில் பேசுங்கள். பேச்சில் முடியவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு இடம் தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

அந்தப் புறநகர் வீட்டுக்கு வருவோம். பொறியாளர் வந்து பார்த்தார். விரிசல் பூச்சில் மட்டும்தான், ஜன்னல் மூலையில் தொடங்கியது. மரத்தின் அடி உறுதியாக இருந்தது. ஆனால், கூரைக்கு மேல் இரண்டு காய்ந்த கிளைகள். மருமகள் ராத்திரியில் கேட்ட சத்தம் அதுதான். இரண்டும் இறக்கப்பட்டன. அடிமரத்தைச் சுற்றியிருந்த சிமென்ட் உடைக்கப்பட்டது.

"உன் மரம் தப்பிச்சிடுச்சும்மா" என்றார் மகன் சிரித்துக்கொண்டே.

"மரம் இருந்தே ஆகணும்னு நான் எப்பப்பா சொன்னேன்? கொழந்தை மேல சாயும்னு தெரிஞ்சா நானே வெட்டச் சொல்லியிருப்பேன். பார்த்துட்டு வெட்டுன்னுதான் சொன்னேன்" என்றார் பாட்டி.

விரிசலின் இரு முனைகளிலும் இப்போது பென்சில் கோடு. பக்கத்தில் பேத்தியின் கையெழுத்தில் தேதி. மழை முடிந்ததும் அவள்தான் அளந்து பார்க்கப் போகிறாள்.